வழியோரத்துக் கல் யாருடையது? நடுகல், சுமைதாங்கி, மைல்கல் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

தமிழ்நாட்டில் எந்தக் கிளைச்சாலையில் வண்டியை விட்டாலும் கொஞ்ச தூரத்தில் ஏதாவது ஒரு பழைய கல் நின்றுகொண்டிருக்கும், ஏரிக்கரையிலோ புளியமரத்தடியிலோ பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலோ. அதைப் படம் எடுத்து "இது என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ரோட்டோரம் ஒரு கல்லில் ஆள் உருவம் செதுக்கியிருக்கிறது. சாமியா, நடுகல்லா?

பெரும்பாலும் இரண்டும்தான். சண்டையில் செத்த ஒருவனுக்கு நட்ட கல், காலப்போக்கில் ஊர்ச்சாமி ஆகியிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நீங்கள் பார்க்கும் வேடியப்பன் கோயில்கள் பலவற்றில் உள்ளே இருப்பது நடுகல்தான், பொங்கல் வைத்துக் கிடா வெட்டுபவர்களுக்கு அது வேடியப்பன், கல்வெட்டு படிப்பவர்களுக்குப் பல்லவர் காலத்து வீரன்.

அடையாளம் பார்க்க: ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குறுவாளோ இருக்கும். உடம்பில் அம்பு தைத்திருப்பதையே சில கற்களில் காட்டியிருப்பார்கள். காலடியில் மாடு, பக்கத்தில் கெண்டி அல்லது சிமிழ் மாதிரி ஒரு பாத்திரம். கொங்குப் பகுதியில் ஆள் ஒருவன் பாயும் புலியைக் குத்துவது போல் இருந்தால் அது புலிகுத்திக்கல். ஓசூர் பக்கம், அதாவது கர்நாடக எல்லையை ஒட்டி, கல்லை மாடி மாடியாகப் பிரித்துக் கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் அவனை மேலே தூக்கிப் போவது, உச்சியில் அவன் சிவலோகத்தில் இருப்பது என்று கதையாகவே செதுக்கியிருப்பார்கள். எனாமல் பெயிண்ட் அடித்துக் கண், மீசை வரைந்திருந்தால் அடியில் இருப்பதை யூகிப்பது கஷ்டம். பெயிண்டைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். அது அவர்கள் சாமி.

யாருக்கெல்லாம் நட்டார்கள்? ராஜாக்களுக்கா?

இல்லை, அதுதான் இதில் அழகே. கோயில் கல்வெட்டுகளில் அரசன், அரசி, நிலம் கொடுத்தவன், வரி வாங்கியவன் இவர்கள் பெயர்தான் பக்கம் பக்கமாக வரும். நடுகல்லில் வருவது மாடு மேய்த்தவன், தலைவனிடம் சேவகம் பார்த்தவன், ஊருக்குக் காவல் இருந்தவன். அரசன் பெயர் தேதி சொல்வதற்காக முதல் வரியில் வந்துவிட்டுப் போகும், இன்றைக்குக் கடிதத்தில் தேதி போடுகிற மாதிரி.

மனிதர்களுக்கு மட்டும் என்றும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்ற இளைஞன் தன் எருமைகளைக் காக்கும்போது செத்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது, அதற்கும் தனியாக ஒரு வாசகம்: கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எழுவதற்கும் முன்னால், ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் எருமை மேய்ப்பவர்கள்.

சேவலுக்கும் கல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்டுச் செத்த சேவலுக்கு ஒன்று. இந்தளூரில் கீழ்ச்சேரிக் கோழிக்கு ஒன்று, அந்தச் சேவலின் பெயர் பொற்கொற்றி. சேரிக்குச் சேரி சேவல் சண்டையில் மானம் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை போல.

கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில் இருந்த கல் இன்னும் பெரிய கதை. 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் (நம் அரக்கோணத்துக்குப் பக்கத்தில்தான்) சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்த போர் நடந்தது அல்லவா, அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்று நன்றாகச் சண்டை போட்ட மணலேரன் என்பவனிடம் கங்க அரசன் பூதுகன் "என்ன வேண்டும் கேள்" என்றான். அவன் ஊரும் நிலமும் கேட்கவில்லை, காளி என்ற நாயைக் கேட்டான். அந்த நாய் பிறகு ஒரு காட்டுப்பன்றியோடு மோதி இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். தக்கோலப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சான்றுகளில் ஒன்று இந்த நாய்க்கு வைத்த கல்தான்.

எவ்வளவு பழையதாக இருக்கும்?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டெடுத்த மூன்று கற்களில் தமிழி எழுத்து (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) இருக்கிறது. கிறித்துவுக்கு முந்தியவை, எந்த நூற்றாண்டு என்பதில்தான் அறிஞர்களிடையே வாதம். அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு பிடிக்கும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனுக்கு வைத்தது. உருவம் எதுவும் கிடையாது, எழுத்து மட்டும்தான். திண்டுக்கல் மாவட்டம் தாதப்பட்டியிலும் புதுக்கோட்டைப் பொற்பனைக்கோட்டையிலும் இதே மாதிரி தமிழிக் கற்கள் கிடைத்தன.

வழிதோறும் நடுகல் நட்டு, பெயரும் பெருமையும் எழுதி, மயிற்பீலி சூட்டியிருந்ததை அகநானூறு பேசுகிறது. கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்தி வணங்குவது வரை ஆறு கட்டமாகத் தொல்காப்பியம் சொல்கிறது. அப்புறம் பல்லவர் காலத்தில் செங்கம் வட்டாரத்தில் கொத்துக் கொத்தாக வருகின்றன (இவற்றைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் தனிப் புத்தகமாகவே போட்டது). நாயக்கர் காலம் வரை நடும் பழக்கம் ஓயவில்லை. ஆகவே உங்கள் ஊர்க்கல் இரண்டாயிரம் வருடமாகவும் இருக்கலாம், முந்நூறு வருடமாகவும் இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து "சங்ககாலம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

எழுத்து இருக்கிறது, ஆனால் தமிழ் மாதிரியே இல்லையே?

வட்டெழுத்தாக இருக்கும். மொழி தமிழ்தான், எழுத்து வடிவம்தான் வேறு. பழைய நடுகற்களில் பாதி வாசகம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதால் பழகினால் ஓரளவு பிடிபடும்: "கோவிசைய" என்று தொடங்கி அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், யாருடைய சேவகன், பிறகு "தொறு" என்று வந்தால் மாட்டு மந்தை, கடைசியில் "பட்டான் கல்". பட்டான் என்றால் சண்டையில் செத்தான். தொறு கொண்டபோது பட்டவனுக்கும் கல், தொறு மீட்டுப் பட்டவனுக்கும் கல். மாட்டைத் திருடப் போனவனுக்கும் கல்லா என்று கேட்டால், ஆமாம், அவன் ஊருக்கு அவன்தான் வீரன்.

ஊரில் சொல்லும் கதைக்கும் கல்லில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. எதை நம்புவது?

இந்தக் கேள்வியில்தான் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி, "பாட்டி சொன்னது பொய், கல்வெட்டில் இருப்பதே வரலாறு" என்று கதையைத் தூக்கி எறிந்துவிடும். இன்னொரு கட்சி, கல்வெட்டு என்ன சொன்னாலும் தங்கள் கதைக்கு வளைத்துக்கொள்ளும், குறிப்பாக அந்த வீரனை இன்ன சாதி என்று நிறுவ வேண்டிய அவசரம் இருக்கும்போது.

இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள் என்பதுதான் என் பதில். கல்வெட்டு அந்தச் சாவைப் பற்றி நான்கு வரி சொல்கிறது, அவ்வளவுதான், அவன் அம்மா என்ன ஆனாள், மாடு திரும்பக் கிடைத்ததா என்றெல்லாம் சொல்லாது. ஊர்க்கதை அந்தக் கல்லோடு சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்கிறது, அவர்கள் எதற்குப் பயந்தார்கள், எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதை. இரும்புக்கால ஈமச்சின்னமான கல்திட்டையைப் பல ஊர்களில் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் சொல்கிறார்கள். சமண முனிவர்கள் இருந்த குகையில் வெட்டிய கற்படுக்கை மதுரைப் பக்கம் பஞ்சபாண்டவர் படுக்கை ஆகிவிட்டது. பாண்டவர் அங்கே வரவில்லைதான். ஆனால் யார் செய்தது என்பது மறந்துபோன பிறகும் அந்த இடத்தைச் சும்மா விடாமல் ஒரு கதையால் கட்டி வைத்திருந்தார்கள், அதனாலேயே பல இடங்கள் கல் உடைப்பவர்களிடமிருந்து தப்பித்தன.

கதையைக் கேட்கும்போது ஒரே ஆளிடம் கேட்டு நிறுத்தாதீர்கள். பூசாரி ஒன்று சொல்வார், டீக்கடையில் ஒன்று சொல்வார்கள், ஊருக்கு வெளியே குடியிருப்பவர்கள் முற்றிலும் வேறொன்று சொல்வார்கள். பெரும்பாலும் மூன்றாவதில்தான், முதல் இரண்டில் விட்டுப்போனது இருக்கும். யார் சொன்னது, எந்த வருடம் கேட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கிறார்கள். கதவில்லாத வாசல் மாதிரி. அது என்ன?

சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்து சந்தைக்குப் போனவர்கள் துணைக்கு ஆள் இல்லாமலே சுமையை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தலையில் ஏற்றிக்கொள்வதற்கு. அதனால்தான் உயரம் தோள் அளவு இருக்கும். தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும், பாதி வழியில் யாரைத் தேடுவது?

இதற்குப் பின்னால் இருக்கும் வழக்கம் கனமானது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பார்கள். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் அல்லவா, வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் சுமையை இறக்கும்போது அவள் சுமையும் இறங்கும் என்ற நம்பிக்கை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும், பலவற்றில் ஒன்றும் இருக்காது. எல்லாச் சுமைதாங்கியும் இப்படி வைத்ததல்ல, தர்மத்துக்கு வைத்தவையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சுமைதாங்கி, கேணி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக்கல், மடம் என்று ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஆவுரிஞ்சுதறி நம் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்று, மாட்டுக்கு முதுகு அரிக்கும் என்று யோசித்த ஆட்கள்.

தலைச்சுமை போனபிறகு இந்தக் கற்களுக்கு வேலை இல்லை, சாலை அகலமாகும்போது முதலில் பெயர்வதும் இவைதான். சிற்பமும் இல்லை, எழுத்தும் இல்லை, சாமியும் இல்லை, கேட்க ஆள் இல்லை. நடுகல்லை விடச் சுமைதாங்கியைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பெண்களுக்கு நடுகல் உண்டா?

சதிக்கல் இருக்கிறது. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், அவள் கை வளையலோடு மேலே உயர்ந்திருக்கும். சில கற்களில் கை மட்டும்தான், முழங்கை வரை, வேறு ஒன்றுமே இல்லை. தீப்பாஞ்சம்மன், மாலைக்கோயில் என்ற பெயரில் கும்பிடுவார்கள். "விரும்பித் தீயில் இறங்கினாள்" என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். சொல்வது உயிரோடு இருந்தவர்கள், அவளிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. சென்னை மாகாணத்தில் 1830இல் சட்டம் போட்டுத்தான் இதைத் தடுத்தார்கள். கல்லைக் காப்பாற்றுங்கள், பெருமை பேசி எழுதாதீர்கள்.

தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்வது போல் ஒரு சிற்பம்?

அரிகண்டம் அல்லது நவகண்டம். தலைவனின் வெற்றிக்காகவோ வேண்டுதலுக்காகவோ கொற்றவை முன்னால் தன்னைப் பலி கொடுத்தவனுக்கு வைத்த கல்.

கல்லில் சூலம் மட்டும், அல்லது சக்கரம் மட்டும் இருக்கிறது.

எல்லைக்கல். சூலம் இருந்தால் சிவன் கோயில் நிலம், சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலம், முக்குடை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை இருந்தால் சமணப் பள்ளிக்கு விட்ட நிலம். நினைவுக்கல் இல்லை. வயலுக்கு நடுவில் நின்றால் நகர்த்தாதீர்கள், நின்ற இடம் போய்விட்டால் எல்லைக்கல்லுக்கு அர்த்தமே இல்லை.

பழைய மைல்கல்லில் தமிழ் எண் இருக்குமாமே?

இருக்கும், பார்த்தால் விடாதீர்கள். தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்தான் (பெருவழி என்றால் அந்தக் காலத்து நெடுஞ்சாலை) இதில் எனக்குப் பிடித்தது, 13ஆம் நூற்றாண்டு. நாவற்தாவளம் என்ற இடத்துக்குக் காதம் 29 என்று எழுதியிருக்கிறது, காதம் என்பது பழைய தூர அளவு. கூடவே எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பத்துக்குப் பெரிய குழி, ஒன்றுக்குச் சின்னக் குழி என்று கல்லிலேயே குடைந்திருக்கிறார்கள், விரலால் தடவியே எண்ணிக்கொள்ளலாம், இருட்டில் நடப்பவனுக்கும் உதவும். கோயம்புத்தூர்ப் பக்கம் ராசகேசரிப் பெருவழிக்குக் காட்டுப் பாறையில் வெட்டிய கல்வெட்டு உண்டு, ஒரே வெண்பாவைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள், சோழநாட்டுக்காரனும் மேற்கே இருந்து வருபவனும் இரண்டு பேரும் படிக்கட்டும் என்று.

ஆங்கிலேயர் காலத்து மைல்கற்களில் ரோமன் எண், நாம் இன்று எழுதும் எண், தமிழ் எண் மூன்றும் சேர்ந்து வருவதுண்டு. தமிழ் எண்ணில் ௰ என்பது பத்து, ௱ என்பது நூறு, ஆகவே ௨௰௯ என்றால் 29. மைல்கல்லில் "க", "உ" மாதிரி எழுத்து மட்டும் தெரிந்தால் அது யாருடைய பெயரின் முதலெழுத்தும் இல்லை, ஒன்றும் இரண்டும்.

சாலைப் பணிக்காகக் கல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

முதலில் படம் எடுங்கள், நின்ற குழி தெரியும்படி, எந்தத் திசை பார்த்து நின்றது என்பதையும் குறித்து. பிறகு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்டத் தொல்லியல் அலுவலர் அல்லது அருங்காட்சியகக் காப்பாட்சியர் இவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது லாரி ஏறிப் போய்விடும். தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்குத்தான் பாதுகாப்புத் தரும், ரோட்டோரக் கற்களில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி தொல்பொருள், அதை மனுவில் சொல்லலாம்.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதா, ஊரிலேயே வைப்பதா என்று கேட்டால், ஊர் பார்த்துக்கொள்ளும் என்றால் ஊரிலேயே, பத்தடி தள்ளி, அதே திசை பார்த்து. ஏரிக்கரையில் செத்தவன் கல் ஏரிக்கரையில் நிற்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. கேட்பாரற்றுக் கிடந்தால் மட்டும் அருங்காட்சியகம்.

நிலத்தில் உழும்போது கிடைத்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே அந்தச் சட்டப்படி சொல்ல வேண்டும். விலைக்கு வாங்க யாராவது வந்தால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லுங்கள்.

எழுத்துத் தெரியும்படி படம் எடுப்பது எப்படி?

உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ சாயங்காலத்திலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள், இல்லை இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள், பகலில் இல்லாத எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். அளவுக்கு ஒரு ஸ்கேல். முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கம், பக்கவாட்டு, சுற்றுப்புறம் எல்லாம் வேண்டும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், நீங்கள் எழுத்து என்று நினைத்துத் தேய்த்த கீறல் அடுத்த ஆளை ஏமாற்றும். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகவேண்டாம். முறையான மைப்படி எடுப்பது, அதாவது ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி மை ஒற்றுவது, கற்றுக்கொண்டு செய்யவேண்டிய வேலை.

எங்கள் ஊர்க் கல்லுக்கு அறிவிப்புப் பலகை வைக்கப் போகிறோம். என்ன எழுதலாம்?

கல்லில் இருப்பதை அப்படியே முதலில், அதன் பொருளை அடுத்து, ஊர்க்கதையை "ஊரில் சொல்வது" என்று தலைப்புப் போட்டுத் தனியாக. படித்தவர் பெயர், ஆண்டு. "உலகிலேயே பழமையான" என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள், பலகை வைத்த அடுத்த மாதமே வேறு ஊரில் இன்னொன்று கிடைக்கும். பலகையின் கம்பத்தைக் கல்லை ஒட்டிக் குழி தோண்டி நடாமல் நாலடி தள்ளி நடுங்கள். நன்கொடையாளர் பெயர் வீரன் பெயரை விடப் பெரிதாக இருக்க வேண்டாம்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே இடத்தில் நிறையப் பார்க்க தருமபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்கள். அதியமான் பெருவழிக் கல் தருமபுரியில் இருக்கிறது. ஆதகூர் நாயின் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில். நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு நாள் சுற்றுங்கள், கோவிவனையும் பார்த்துவிடலாம். கல் கோயிலுக்குள் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போவதானால் வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.